வீல் ஆஃப் டைம்: பத்தாவது புக்கை ஸ்கிப் பண்ணலாமான்னு கேக்கறவங்க கொஞ்சம் உள்ள வாங்க

தாமதவாசகன்

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ரெண்ட் ஒருத்தன் மெசேஜ் போட்டான், மச்சி ஒன்பது முடிச்சுட்டேன், பத்து மரண மொக்கைன்னு எல்லாரும் சொல்றாங்க, விக்கில சுருக்கம் படிச்சுட்டு நேரா பதினொண்ணுக்குப் போயிடவான்னு. பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு, நான் அனுப்பறதுக்குள்ள பய தூங்கிட்டான். சரி டைப் பண்ணினது வீணாப் போக வேணாம்னு இங்க கொண்டு வந்து கொட்டறேன்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ராபர்ட் ஜோர்டன் ஆரம்பிச்ச ஃபேன்டஸி நாவல் சீரிஸ். பதினாலு புக், அதுபோக நியூ ஸ்பிரிங்னு ஒரு முன்கதை, மொத்தம் 44 லட்சம் வார்த்தை பக்கம் வரும். முதல் புக் 1990 ஜனவரி, கடைசி புக் 2013 ஜனவரி. பதிப்பாளர்கிட்ட மூணு புக்ல முடிச்சிடலாம்னு சொல்லித்தான் மனுஷன் ஆரம்பிச்சார், நம்ம வீட்டுக் கல்யாண பட்ஜெட் மாதிரி ஆயிடுச்சு.

கதை என்னன்னா மந்திர சக்தி ரெண்டு பாதி, பொம்பளைங்க பாதி சுத்தமா இருக்கு, ஆம்பளைங்க பாதில விஷம் கலந்துடுச்சு, அதைத் தொடற ஆம்பளை எவனா இருந்தாலும் கொஞ்ச வருஷத்துல பைத்தியம் பிடிச்சு அழுகிச் சாவான். ஆனா உலகத்தைக் காப்பாத்தப் போறவன்னு ஜோசியத்துல சொல்லியிருக்கறதும் அந்த மாதிரி ஒருத்தனைத்தான். காப்பாத்த வரவனைப் பார்த்தே ஊர் நடுங்குது. ஆடு மேய்க்கற பையன் ராண்ட், அவன் கூட்டாளிங்க மேட், பெரின், இவங்க மூணு பேரும் ஊரை விட்டு ஓடறதுல ஆரம்பிக்குது. ஏழு யுகம், சக்கரம் சுத்திச் சுத்தி அதே யுகம் திரும்ப வரும்ங்கற அமைப்பு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல.

இப்ப பத்தாவதுக்கு வரேன். க்ராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட். 2003. ஆஃபீஸ்ல ஒருத்தர் அமெரிக்கால இருந்து வரும்போது கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வரச் சொன்னேன். ரெண்டு ராத்திரில முடிச்சு சுவத்துல எறிஞ்சேன், பொய் சொல்லல, அட்டை மூலை இன்னும் மடங்கித்தான் இருக்கு. ஒன்பதோட கடைசில அவ்ளோ பெரிய சம்பவம் நடந்திருக்கு, அடுத்து என்னன்னு ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்து திறந்தா, அதே நாள்ல இன்னொருத்தன் எங்க இருந்தான், அவன் தூரத்துல ஏதோ வெளிச்சத்தைப் பார்த்தான், அவ எங்க இருந்தா, அவளும் பார்த்தா, இப்படியே புக்ல பெரும்பகுதி போகுது. எலெய்ன்னு ஒரு இளவரசி குளிக்கறா, பேசறா, திரும்ப குளிக்கறா. ராண்ட் வந்தானா இல்லையான்னே தேடணும்.

ஆனா போன வருஷம் மூணாவது ரவுண்டு வாசிச்சேன், எல்லாம் கையில இருக்கு, காத்திருப்பு கிடையாது, ஒண்ணு முடிஞ்ச மறுநாள் அடுத்தது. அப்பதான் உறைச்சுது, நான் அன்னிக்கு எறிஞ்சது அந்த புக்கை இல்ல, அந்த ரெண்டு வருஷத்தை.

ஸ்கிப் பண்ணாதீங்க. ஒரே ஒரு சீனுக்காகவாவது. கேட்டா சொல்றேன்.

கடைசிபெஞ்ச்

வந்துட்டாருய்யா. தல, நான் எட்டாவதுல இறங்கிட்டேன், காரணம் ஒண்ணே ஒண்ணு. ஏழாவது கடைசில மேட் மேல ஒரு சுவர் விழுது. 1996. சரி அடுத்த புக்ல எழுந்துப்பான்னு பார்த்தா 1998ல எட்டாவது வருது, அதுல அவன் இல்லவே இல்ல. ஒரு பக்கம் கூட இல்ல. செத்தானா பொழைச்சானா ஒரு வரி சொல்லியிருக்கலாம்ல? அந்தச் சீரிஸ்ல எனக்குப் பிடிச்சதே அவன் ஒருத்தன்தான், சூதாடிக்கிட்டு, ஹீரோ வேலையெல்லாம் வேணாம்னு ஓடப் பார்த்து, ஓடற பக்கமெல்லாம் சண்டைல மாட்டிக்கிட்டு. அவனை இடிபாட்டுக்குள்ள விட்டுட்டு எனக்கு என்னத்துக்கு மத்தவங்க பஞ்சாயத்து. நைனீவ்னு ஒரு கேரக்டர் ஜடையைப் பிடிச்சு இழுக்கறதை எண்ண ஆரம்பிச்சேன், எண்ணிக்கை எகிறவும் புக்கை மூடிட்டேன். எல்லா பொம்பளையும் மூக்கை உறிஞ்சறாங்க, பாவாடையை நீவி விடறாங்க, எல்லா ஆம்பளையும் "பொண்ணுங்களைப் புரிஞ்சுக்க அவனாலதான் முடியும்"னு மத்த ரெண்டு பேரைப் பத்தி நினைக்கறான். எத்தனை தடவை பாஸ்.

தாமதவாசகன்

ஹாஹா அந்தச் சுவர் மேட்டர்ல நான் வாயே திறக்க மாட்டேன், அது அநியாயம்தான். ஜடையும் ஒத்துக்கறேன். ஆனா அந்த மூணு பயலுங்களும் ஒருத்தனை ஒருத்தன் பொண்ணுங்க விஷயத்துல கில்லாடின்னு நினைச்சுக்கற ஜோக் எனக்கு இன்னும் சிரிப்பு வருது.

கேக்கலன்னாலும் அந்த சீனைச் சொல்றேன், பத்து வரைக்கும் ஸ்பாய்லர். முதல் புக்ல பெரின்கிட்ட ஒரு கோடரி இருக்கும், கொல்லன்கிட்ட வேலை கத்துக்கற பையன், கையில ஆளைக் கொல்றதுக்குன்னே செஞ்ச கோடரி. இதைத் தூக்கிப் போட்டுடறேன்னு சொல்லும்போது காட்டுல சந்திச்ச எலையாஸ்ங்கற ஆளு, நீ இதை வெறுக்கற வரைக்கும் வெச்சுக்கோ, எப்ப பிடிக்க ஆரம்பிக்குதோ அன்னிக்குத் தூரப் போட்டுடுன்னு ஒரு மாதிரி சொல்லி அனுப்புவான். அதை நாம படிச்சுட்டு மறந்துடுவோம். பத்தாவதுல அவன் பொண்டாட்டி ஃபெய்லை ஷாய்டோன்னு ஒரு எதிரிக் கூட்டம் பிடிச்சு வெச்சிருக்காங்க, தேடித் தேடி இவன் பாதி மனுஷனா ஆயிட்டான், சிக்கின கைதியைக் கேள்வி கேக்கறாங்க, அவன் வாய் திறக்கல. பெரின் போய் அந்தக் கோடரியால அவன் கையை வெட்டிடறான். பக்கத்துல நிக்கறவங்க மூஞ்சியைப் பார்க்கறான். அப்புறம் கோடரியை அங்கேயே விட்டுட்டு நடந்து போயிடறான்.

1990ல போட்ட முடிச்சு, 2003ல அவிழ்க்கறார். விக்கில இது ஒரு வரி. "கைதியின் கையை வெட்டுகிறான், கோடரியைக் கைவிடுகிறான்." அவ்ளோதான் இருக்கும். அந்த ஒரு வரிக்கு எடை வரணும்னா அதுக்கு முன்னாடி அவன் கூட அந்தப் பனில, அந்தச் சேத்துல, புழு வெச்ச தானியத்தை விலைபேசி வாங்கிக்கிட்டு, தலைக்கு மேல பேய் நடமாடற ஊருக்குள்ள எல்லாம் நீங்களும் சலிச்சுப் போய் நடந்திருக்கணும். சலிக்க வெச்சாத்தான் அவன் சலிப்பு புரியும்.

பழுப்புச்சால்வை

இந்தக் கடைசி வரி பழைய சப்பைக்கட்டு தம்பி. ஆசிரியர் போரடிச்சா அது கலைன்னு சொல்ற பழக்கத்தை நாம விடணும். கோடரி சீன் அருமை, ஒத்துக்கறேன். அதுக்கு முன்னாடி அவ்ளோ பக்கம் தேவையா? பாதி போதும். ஜோர்டனோட எடிட்டர் ஹாரியட் மெக்டூகல் அவரோட மனைவியே, அதனாலதான் கத்தரி வைக்கலன்னு அந்தக் காலத்துல ஆளாளுக்குக் கிளப்பி விட்டாங்க, எனக்கு அது எரிச்சல். ஏன்னா முதல் ஆறு புக்குக்கும் அதே அம்மாதான் எடிட்டர், அந்த ஆறுல எங்க கொழுப்பு இருக்கு?

எனக்குத் தெரிஞ்சு பத்தோட பிரச்சனை நீளம் இல்ல, எல்லாரையும் ஒரே நாள்ல நிறுத்தினது. கடிகாரம் நகரல. ஒன்பதோட கடைசில நடக்கற விஷயம் (சொல்ல மாட்டேன், புதுசா படிக்கறவங்க இருப்பாங்க, நீங்களும் இனிமே கொஞ்சம் பார்த்து எழுதுங்க) உலகத்தையே மாத்தற விஷயம், அது ஒவ்வொருத்தருக்கும் தூரத்துல எப்படித் தெரிஞ்சுதுன்னு காட்டணும்னு நினைச்சார். ஐடியா நல்ல ஐடியா. ஒரு அத்தியாயம் பண்ணியிருந்தா கை தட்டியிருப்போம்.

ஆனா ஸ்கிப் பண்ணாதீங்கங்கறதுல நானும் உங்க கட்சிதான். என் காரணம் வேற, மேட்டும் டுவான்ங்கற பொண்ணும். இந்த மாதிரி ஒரு லவ் டிராக், ஒருத்தரை ஒருத்தர் நோட்டம் விட்டுக்கிட்டு, சர்க்கஸ் வண்டிக் கூட்டத்தோட ஊர் ஊராப் போய்க்கிட்டு. கடைசிபெஞ்ச் சார், உங்க ஆளு அங்க இருக்கான்.

கடைசிபெஞ்ச்

மேடம் சுவர்ல இருந்து வெளிய வந்துட்டானா அப்ப!! ஸ்பாய்லர் ஸ்பாய்லர்

புதுசு2025

எல்லாருக்கும் வணக்கம், நான் டிவி சீரிஸ் பார்த்துட்டு புக்குக்கு வந்தவ. மூணாவது சீசன்ல நாலாவது எபிசோடு, அந்தக் கண்ணாடித் தூண்களுக்குள்ள ராண்ட் நடந்து போறது, அதைப் பார்த்துட்டு ஒரு வாரம் வேற எதுவும் ஓடல. அடுத்த சீசனுக்காக உக்காந்திருந்தா மே மாசம் கேன்சல்னு நியூஸ். கோவத்துல முதல் புக்ல இருந்து ஆரம்பிச்சேன். நேத்துதான் அஞ்சு முடிச்சேன். இழையில பத்தாவது பத்தின போஸ்ட்டையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு ஸ்க்ரோல் பண்ணிட்டேன் (கோடரின்னு ஒரு வார்த்தை மட்டும் கண்ணுல பட்டுடுச்சு).

ஒரே ஒரு சின்ன சந்தேகம். அஞ்சோட கடைசில அஸ்மோடியன் ஒரு கதவைத் திறக்கறான், யாரையோ பார்த்து "நீயா"ன்னு அதிர்ச்சியாகறான், செத்துடறான். யார் கொன்னதுன்னு போடல. நான் ஏதாவது பக்கத்தை விட்டுட்டேனா? இல்ல ஆறாவதுல வந்துடுமா?

தாமதவாசகன்

அய்யோ பாவம்.

பழுப்புச்சால்வை

கண்ணு, நீ எந்தப் பக்கத்தையும் விடல. அந்தக் கேள்வி 1993ல வந்தது. இன்டர்நெட்ல ஆளுங்க குரூப் குரூப்பா சண்டை போட்டாங்க, ஆளுக்கொரு சந்தேக லிஸ்ட்டு, சம்பவ நேரத்துல யார் எங்க இருந்தாங்கன்னு அட்டவணை. ஜோர்டன் புக் கையெழுத்துப் போட வர்ற இடத்துல எல்லாம் கேட்டுப் பார்த்தாங்க, படிச்சாலே புரியும்ங்கற மாதிரி பேசிட்டுப் போயிட்டார். வெளிப்படையா பதில் அச்சுல வந்தது 2010ல, பதிமூணாவது புக்ல. அதுவும் கதைக்குள்ள இல்ல. கடைசில சொல்லுக்கு அர்த்தம் போட்டிருப்பாங்கல்ல, அந்த அகராதிப் பகுதில போற போக்குல ஒரு வரி. பதினேழு வருஷம். தேடிடாத, கூகிள் பக்கமே போகாத.

அப்புறம் ருயிடியன் சீன், அதான் நீ சொன்ன கண்ணாடித் தூண் சீன், சீரிஸ்லயே உன்னை அப்படிப் பண்ணுச்சுன்னா நாலாவது புக்ல எப்படி இருந்துச்சு? எனக்கு இந்தப் பதினாலுலயும் உச்சம் அதுதான். ஏயல்னாலே ஈட்டி, முகத்துல துணியைக் கட்டினா கொல்லப் போறாங்கன்னு அர்த்தம், உலகமே பயப்படற கூட்டம். தூண் தூணா உள்ள நடக்க நடக்க ராண்ட் தன்னோட முன்னோருங்க கண்ணு வழியா பார்க்கறான், கதை பின்னாடி பின்னாடி போகுது, மகன், அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா. ஒவ்வொரு படிலயும் ஈட்டி ஒண்ணு குறையுது. கடைசில பார்த்தா இவங்க யாரையும் அடிக்கவே மாட்டோம்னு சத்தியம் பண்ணி வாழ்ந்த ஜனங்க, விதைக்குப் பாட்டுப் பாடி வளர வெச்சவங்க. முதல் புக்ல ஒரு நாடோடிக் கூட்டம் வரும், தொலைஞ்சுபோன ஒரு பாட்டைத் தேடி அலையறவங்க, ஞாபகம் இருக்கா? அங்க அவங்களைக் கோமாளிங்க மாதிரி நினைச்சுக்கிட்டு கடந்து வந்திருப்போம். நாலாவதுல இதைப் படிச்சதும் நான் திரும்பப் போய் அந்த அத்தியாயத்தை எடுத்து உக்காந்தேன்.

புதுசு2025

நானும்!! அதே ராத்திரி. அக்கா எனக்கு அழுகையே வந்துடுச்சு, எதுக்குன்னு வீட்ல சொல்லத் தெரியல. அப்ப பதிமூணாவது வரைக்கும் கூகிள் பண்ணாம இருக்கணுமா, செத்தேன்.

நைட்ஷிப்ட்

நான் ஒரு பக்கம் கூட படிச்சதில்ல, முழுக்க காதால. குடோன்ல ராத்திரி டூட்டி, ஒரு காதுல மட்டும் இயர்போன். நானூறு மணி நேரத்துக்கு மேல ஓடும், எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. மைக்கேல் க்ரேமர், கேட் ரீடிங்னு ரெண்டு பேர் வாசிப்பாங்க, ஆம்பளை கேரக்டர் கண்ணு வழியா போற பகுதிக்கு அவர், பொம்பளைக்கு இந்தம்மா, நிஜத்துலயும் புருஷன் பொண்டாட்டி. பத்தாவது எனக்கு போரே அடிக்கல, பெட்டி அடுக்கிக்கிட்டே கேட்டா எதுவும் போரடிக்காது பாஸ், எலெய்ன் குளிக்கட்டும், நமக்கென்ன.

பிரச்சனை என்னன்னா எனக்கு யார் பேருக்கும் எழுத்துத் தெரியாது. மொதமொத இந்த மாதிரி குரூப்புக்கு வந்து படிச்சப்ப யாரைச் சொல்றாங்கன்னே புரியல. ஒரு வருஷமா கூடவே இருந்த ஆளுங்க, எழுத்துல பார்த்தா யாரோ அந்நியன் மாதிரி இருந்தாங்க. எங்க சூப்பர்வைசர் ஒருநாள் என்னடா தனியா சிரிக்கறன்னு கேட்டார், மேட்டைப் பத்தி எப்படிச் சொல்றது.

கடைசிபெஞ்ச்

இந்த ஆளு ரூட்டு நல்லா இருக்கே.

சரி சீரியஸா ஒரு கேள்வி. நான் நிறுத்தினதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, சொல்லல. எழுதினவர் முடிக்காமலே போயிட்டார், வேற ஒருத்தர் முடிச்சாருன்னு கேள்விப்பட்டேன், அப்பவே மனசு விட்டுப் போச்சு. ஒருத்தர் மண்டைல இருந்த முடிவை இன்னொருத்தர் எழுதினா அது எப்படி அதே கதை? சமையல்காரர் மாறின ஹோட்டல் மாதிரிதானே. போர்டு அதே, சாம்பார் வேற.

தாமதவாசகன்

இதுக்கு கொஞ்சம் நீளமா எழுதணும், மன்னிச்சுக்கோங்க.

2006 மார்ச்ல ஜோர்டனே எழுதினார், இதயத்துல அமிலாய்டோசிஸ்னு அபூர்வ வியாதி, எத்தனை வருஷம் தாங்கும்னு டாக்டருங்க சொல்லியிருக்காங்க, நான் அதை ஒத்துக்கறதா இல்ல, இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்குங்கற தோரணைல. ஒரு புக்தான் பாக்கி, எவ்ளோ குண்டா வந்தாலும் ஒரே புக்ல முடிப்பேன்னு சொல்லிக்கிட்டிருந்தார். 2007 செப்டம்பர் 16 போயிட்டார். 58 வயசு. நான் பிரௌசிங் சென்டர்ல உக்காந்து வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கிட்டிருந்தேன் (அந்த ஆஃபீஸ் வேலை போயிடுச்சு, அது வேற கதை), சும்மா ஒரு டேப்ல அவர் பக்கத்தைத் திறந்தேன். மீதி இருந்த இருபது நிமிஷத்துக்கும் எதுவும் பண்ணல. பார்த்தே இல்லாத, சார்ல்ஸ்டன்ல இருந்த ஒரு மனுஷனுக்காக. கேட்டா சிரிப்பீங்க, முதல்ல தோணினது சுயநலமாத்தான், அப்ப ராண்டுக்கு என்ன ஆகும்னு.

ஆனா மனுஷன் கடைசி மாசங்கள்ல குடும்பத்துக்கிட்ட கதையை வாயால சொல்லியிருக்கார், பதிவு பண்ணியிருக்காங்க, குறிப்பு குறிப்பா விட்டுட்டுப் போயிருக்கார். முக்கியமா கடைசி சீனை அவரே எழுதி வெச்சிருந்தார். பிராண்டன் சாண்டர்சன்னு ஒரு பையன், அப்ப முப்பத்திரண்டு வயசுக்குள்ள, நாலஞ்சு புக்தான் போட்டிருந்தார், சின்ன வயசுல ஜோர்டனைப் படிச்சு எழுத வந்தவர், தன்னோட பக்கத்துல ஒரு அஞ்சலி எழுதினார். அது ஹாரியட் கண்ணுல பட்டுச்சு. அந்தம்மா அவரோட புக் ஒண்ணை வாங்கிப் படிச்சுட்டு, இந்தப் பையன்தான்னு முடிவு பண்ணினாங்க. டிசம்பர்ல அறிவிச்சாங்க. ஒரு புக்னு இருந்தது மூணாச்சு, 2009, 2010, 2013. ஜோர்டன் பழக்கம் அவரையும் பிடிச்சுக்கிச்சு பாருங்க.

சாம்பார் வேறதான் கடைசிபெஞ்ச். முதல் வாய்லயே தெரியும். ஆனா பன்னிரண்டாவதோட கடைசி அத்தியாயம் வரும்போது எனக்கு யார் எழுதினதுன்னே மறந்து போச்சு. ராண்ட் ஒரு பழக்கம் வெச்சிருப்பான், தன்னால செத்த பொண்ணுங்க பேரையெல்லாம் வரிசையா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருப்பான், புக்குக்கு புக் லிஸ்ட் நீளும். ஜோர்டன் வியட்நாம் போர்ல ரெண்டு தடவை போய் ஹெலிகாப்டர்ல துப்பாக்கி பிடிச்சவர். அந்த லிஸ்ட் எங்க இருந்து வந்துச்சுன்னு நான் சொல்லத் தேவையில்ல. அந்த பாரம் என்ன ஆகுதுன்னு பன்னிரண்டுல இருக்கு. எட்டு, ஒன்பது, பத்துல அவன் இறுகி இறுகி கல்லாப் போறதைக் கூட இருந்து பார்க்காதவனுக்கு அந்த அத்தியாயம் சும்மா ஒரு மலை, ஒரு ஆளு, அவ்ளோதான்.

பழுப்புச்சால்வை

இது சரி. இந்த வாதம் கோடரியை விட நல்லா இருக்கு.

ஒரே ஒரு குறை, பன்னிரண்டாவதுல மேட் மேட்டே இல்ல. ஜோக் அடிக்கறான், ஆனா யாரோ ஜோக் எழுதிக் குடுத்து அடிக்கற மாதிரி. ஜோர்டனோட மேட்டுக்குத் தான் காமெடின்னே தெரியாது, அதுதான் காமெடி. பதிமூணுல கொஞ்சம் தேறிட்டான். பதினாலுல சண்டைன்னா சண்டை, கடைசி யுத்தம்னு ஒரே ஒரு அத்தியாயம், அது மட்டும் 79 ஆயிரம் வார்த்தை, நம்ம ஊர்ல அது ஒரு முழு நாவல். நான் காலைல காபியோட ஆரம்பிச்சேன், குக்கர் கருகிப் போச்சு, அன்னிக்கு மதியம் எல்லாருக்கும் தயிர் சாதம்.

நைட்ஷிப்ட்

அந்த அத்தியாயம் ஒரு முழு ஷிப்ட் தாண்டி ஓடுச்சு. பஸ்ல வீட்டுக்கு வரும்போது ஸ்டாப்பை விட்டுட்டேன்.

புதுசு2025

நியூ ஸ்பிரிங் எப்ப படிக்கணும்? கதைப்படி முன்னாடி நடக்கறதால இப்பவே படிச்சுடவா?

பழுப்புச்சால்வை

இப்ப வேணாம். அது 2004ல வந்தது, பத்துக்கு அப்புறம். அந்த இடத்துலயே படி. மந்திரக்காரி மொய்ரேன் சின்னப் பொண்ணா வர்றதைப் பார்க்கறதுக்கு அதுக்குள்ள உனக்கு ஏக்கம் வந்திருக்கணும். பத்து முடிச்ச களைப்புக்கு மோர் குடிச்ச மாதிரியும் இருக்கும், சின்ன புக்.

தாமதவாசகன்

அப்டேட்: அந்த ஃப்ரெண்ட் பயல் காலைல எழுந்து இழை முழுசும் படிச்சிருக்கான். கோடரி சீனை நீயே சொல்லிட்டியே நாயே, இப்ப நான் எதுக்கு பத்தைப் படிக்கணும்னு கேக்கறான். பதில் இல்லை என்கிட்ட.

கடைசிபெஞ்ச்

ஹாஹாஹா செம.

சரி நானும் ஒரு அப்டேட். மதியம் பரண்ல ஏறினேன். ஏழும் எட்டும் இருக்கு, எட்டுல நான் நிறுத்தின இடத்துல ஒரு பஸ் டிக்கெட் இன்னும் அப்படியே, ஊர் பேர் அழிஞ்சு போச்சு. முன்னாடி நாலு பக்கம் படிச்சேன், யார் யாருன்னே தெரியல, ஆனா நைனீவ் ஜடையைப் பிடிச்சதும் டக்குனு எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு, என்ன கருமமோ. ஒன்பது ஆர்டர் போட்டிருக்கேன், வியாழக்கிழமை வரும்.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஸ்பாய்லர் எல்லாம் வேணாம். ஒன்பதுல எடுத்ததும் வந்துடுவானா, இல்ல அதுலயும் என்னை அலைய விடுவாங்களா?

பழுப்புச்சால்வை

கொஞ்சம் பொறுக்கணும். கால் உடைஞ்சு நொண்டிக்கிட்டு வருவான். பிங்க் ரிப்பன் பத்தி மட்டும் யாரும் இவர்கிட்ட வாயைத் திறக்காதீங்க.